தளபதி யாழரசியின் குரல் தங்கியிருந்த வீடு

செவல்குறிச்சி வானொலியின் அலை ஊர்க் கண்மாயைத் தாண்டினால் வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் ‘வளையத்துக்கு அப்பால்’ என்ற விண்வெளி நாடகத்தை இந்த உலகத்தில் செவல்குறிச்சிக்காரர்கள் மட்டும்தான் கேட்டார்கள், தாங்கள் மட்டும் கேட்ட ஒரே காரணத்தால் அதுதான் உலகத்திலேயே சிறந்த நாடகம் என்று முடிவுகட்டினார்கள், முடிவுகட்டிய கையோடு ரசிகர் மன்றம் தொடங்கி, தட்டி கட்டி, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நாடகம் ஒலிக்கும்போது வானொலிப் பெட்டிக்குக் கதம்பம் சாத்தி, சூடம் காட்டி, அதற்குப் பிறகே சோற்றில் கை வைத்தார்கள். சனிக்கோளின் வளையத்துக்கு அப்பால் தபால் கொண்டுபோகும் ஒரு கப்பலின் கதை அது. சனி என்ற சொல் காதில் விழுந்ததும் ஏழரைச் சனி நடக்கிற வீடுகளிலெல்லாம் இது ஏதோ பரிகாரமென்று நினைத்துக் கேட்க ஆரம்பித்து, பெட்டி முன்னால் எள் விளக்கு ஏற்றி, சனி விலகிப்போன பிறகும் நாடகத்தை விட்டு விலக முடியாமல் போனவர்கள் மன்றத்தில் பாதிப் பேர்.

மன்றத்தின் தலைவர் உமையொருபாகம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கப்பலின் தளபதி யாழரசி பேசத் தொடங்கினால் அவர் கண்ணை மூடி, உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்து, அந்தக் குரலின் அதிர்வை விரல் வழியாக வாங்கிக்கொள்வார். “அண்டம் சிறிது, தோழர்களே. அஞ்சாமை பெரிது” என்று தளபதி சொல்லும்போது அவருக்குக் கண்ணீர் வந்துவிடும். அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதன் கடைசிச் சொல் வரைக்கும் அவர் நின்றதாகச் சரித்திரம் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தெருமுனையில் இருப்பார்.

இப்படி இருக்கையில் நாடகத்துக்கு விளம்பரம் கொடுத்துவந்த உரக்கடை கையை விரித்துவிட்டது. நாடகத்தை எழுதி நடத்திய ஞானதிரவியம், வேறு வழியில்லாமல், தளபதி கப்பலின் கதவைத் திறக்கும் இடத்தில் கதையை அப்படியே நிறுத்தினார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மழை நிலவரம் சொன்னார்கள். தளபதிக்குக் குரல் கொடுத்துவந்த பெண்ணும் கணவனுக்கு மாற்றல் வந்து சூரத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நாடகம் வரவேண்டிய நேரத்தில் கத்தரிச் செடியின் வெள்ளை ஈயைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, கீழத்தெருவில் இரும்புக் கதவு ஒன்று பெருமூச்சு விட்டுத் திறக்கிற சத்தமும், அதிலிருந்து யாரோ இறங்குகிற சத்தமும், தகரத்தின் மேல் பூட்ஸ் கால் நடந்து வருகிற சத்தமும் கேட்டன. தெரு முழுக்க மண்தான், தகரம் எங்கேயும் இல்லை. சத்தம் உமையொருபாகத்தின் வாசலில் வந்து நின்றது.

“இங்கே தங்குவதற்கு இடம் கிடைக்குமா?” என்று செந்தமிழில் ஒரு குரல் கேட்டது.

பேச்சியம்மாள் முறத்தோடு எட்டிப் பார்த்தாள். “ஆள் எங்க?”

“ஆள் இல்லை, அம்மா. குரல் மட்டும்தான்.”

“அப்ப ரொம்ப இடம் வேண்டியிருக்காது. உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டு, புடைத்த அரிசியை உலையில் போடப் போனாள்.

சந்தேகப்பட்டவர்கள் சூரத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் தான் அங்கேதான் இருப்பதாகவும், மாவு அரைத்துக்கொண்டிருப்பதாகவும், தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லிவிட்டு, செவல்குறிச்சியில் இப்போது தக்காளி என்ன விலை என்று விசாரித்து, போனை வைத்துவிட்டாள். அதோடு ஊருக்கு அந்த விஷயம் தீர்ந்தது. வந்தது தளபதி யாழரசியின் குரல்தான். நாடகத்தில் அவளுக்கு உடம்பு கொடுக்கவில்லை, அதனால் உடம்பில்லாமல் வந்திருக்கிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது. பஸ்ஸில் அவள் ஏறியபோது டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் கொஞ்சம் யோசித்து, கைக்குழந்தைக் கணக்கில் விட்டுவிட்டார். ரேஷன் கடையில், சாப்பிடாத ஆளுக்குக் கார்டு கிடையாது, ஆனால் வரிசையில் நிற்கத் தடையில்லை என்றார்கள், அவளும் ஆசைக்கு நின்றாள். குழாயில் தண்ணீர் வந்தால் மேலத்தெரு வரைக்கும் கேட்கும்படி அவள் ஒரு குரல் கொடுப்பாள். கப்பல் முழுக்கக் கேட்கும்படி கட்டளையிட்டுப் பழகிய குரல் அல்லவா, அதன் பிறகு ஊரில் ஒரு குடமும் காலியாகத் திரும்பவில்லை. கண் தெரியாத பெரியவர் ஒருவர் மட்டும், தனக்கு ஊரில் எல்லோருமே இப்படித்தான் என்று சொல்லி அவளோடு சகஜமாகப் பழகினார்.

பேச்சியம்மாளுக்கும் அவளுக்கும்தான் ஒட்டிக்கொண்டது. பேச்சியம்மாள் அடுப்படியில் நின்றால் தளபதி அலமாரிப் பக்கம் நிற்பாள், பேச்சியம்மாள் துணி துவைத்தால் தளபதி கிணற்று மேட்டில். வந்த புதிதில் “பேச்சி, இந்தப் பருப்பு எந்நேரம் வேகும் எனக் கணிக்கிறாய்?” என்று கேட்டவள், பழகப் பழக “ஏட்டி பேச்சி, பருப்பு வெந்துட்டுல்லா?” என்று ஆகிவிட்டாள். பேச்சியம்மாள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள் முடிவு வரைக்கும் கேட்டாள், முடிந்த பிறகு அதைப் பற்றிக் கேள்வியும் கேட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாதியில் நின்றுபோன வாக்கியங்களையெல்லாம் பேச்சியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி முடித்தாள். சனிக்கோள் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை. அதில்தான் தளபதிக்கு அவள்மேல் அத்தனை பிரியம்.

கேட்டதெல்லாம் மன்றம்தான். முதல் வாரம் மன்றத்தார் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். இரண்டாவது வாரம் அவள் எப்படி இருப்பாள் என்பதில் சண்டை பிடித்தார்கள். செயலாளர் கோலப்பன் அவளை நெடிய கறுப்பழகி என்றார், பொருளாளர் சிவப்பு என்றார், இருவரும் வாசலில் நின்று, அவளை நடுவில் வைத்துக்கொண்டே, அவள் மூக்கைப் பற்றிக் கைகலக்கப் போனார்கள். “எனக்கு மூக்கு இல்லை” என்று தளபதி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து கல்யாண வீட்டுக்கும் கடை திறப்புக்கும் அவளைக் கூட்டிப்போய், அண்டம் சிறிது, தோழர்களே என்பதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் விசிலடித்தார்கள். சொல்லி முடித்து, “சாப்பாடு எல்லாருக்கும் வந்துட்டா?” என்று அவள் கேட்டுவிட்டால் முகம் சுளித்தார்கள்.

“அண்ணாச்சி, தளபதி இப்படிப் பேசலாமா?” என்று கோலப்பன் உமையொருபாகத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கோலப்பன் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். நாடகம் முழுவதையும் பதிவு செய்து, தூங்கும்போதும் காதில் ஓடவிட்டுத் தூங்குகிறவர். “ஏட்டிங்கிறாங்க, போட்டிங்கிறாங்க. எந்தப் பகுதியிலயும் அவங்க அப்படிப் பேசினதில்ல.”

“இங்க வந்து பழகிட்டாங்க” என்றார் உமையொருபாகம். அவருக்கும் அந்த வருத்தம் இருந்தது. கண்ணை மூடி ஸ்பீக்கர் பெட்டியில் கை வைத்துக் கேட்ட குரல் இப்போது அவர் வீட்டு அடுப்படியில் புளி கரைப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதுவும் அவரிடம் பேசுவதில்லை, அவர் மனைவியிடம் பேசுகிறது.

மன்றத்தின் ஆண்டு விழாவில் ‘தளபதியை அறிவோம்’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். உள்ளூர் ஆட்களோடு கோலப்பனின் பதிவுகளைக் கேட்டுத் தயாராகி மதுரையிலிருந்து ஒரு பலகுரல் கலைஞரும் வந்திருந்தார். தளபதியும் ஆசைப்பட்டுக் கலந்துகொண்டாள்.

“கப்பலின் நிறம் என்ன?” என்று கோலப்பன் கேட்டார்.

“தெரியாது. நான் பார்த்ததில்ல. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும்” என்றாள் தளபதி.

“தளபதியின் தாயார் எந்தக் கோளில் இறந்தார்?”

“அம்மான்னு ஒரு பேச்சு வந்தது. ஆனா எனக்கு அம்மா இருந்த மாதிரியே ஞாபகம் இல்ல.”

ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டம் உச்சுக்கொட்டியது. மதுரைக் கலைஞர் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லி, குரலையும் அச்சாக எடுத்து முதல் பரிசு வாங்கினார். தளபதிக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டி கொடுத்தார்கள். அதைத் தூக்க அவளுக்குக் கையில்லாததால் பேச்சியம்மாள் மேடையேறி வாங்கிக்கொண்டு, கோலப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.

அன்றிலிருந்து தளபதி மன்றத்துப் பக்கம் போகவில்லை. மன்றமும் கூப்பிடவில்லை. வீட்டில் இருக்கும் தளபதி வேறு, நாடகத்தில் இருந்த தளபதி வேறு, நமக்கு வேண்டியது நாடகத்தில் இருந்தவர் என்று தீர்மானம் போட்டு, நாடகத்தை மறுபடி ஆரம்பிக்க வேண்டுமென்று வானொலி நிலையத்துக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஞானதிரவியமே மன்றத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர், எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்வார்.

“ஒரு நகைக்கடைக்காரர் ஒரே ஒரு பகுதிக்கு உதவி செய்றேங்கிறாரு. அத வச்சு முடிச்சாகணும். தளபதி பத்திரமா ஊர் திரும்புற மாதிரியும் முடிக்கலாம். கப்பலக் காப்பாத்த வளையத்துல மோதி உயிரக் குடுக்குற மாதிரியும் முடிக்கலாம். பழைய பதிவுகள்ல இருந்து குரல வெட்டி ஒட்டிக்கிடுவேன். எது வேணும்னு நீங்களே சொல்லிருங்க.”

கூட்டத்தில் ஒரு பெண், “ஊர் திரும்புறதுல என்ன இருக்கு” என்றாள். பொருளாளர், “சாவுன்னா அது நிக்கும்” என்றார். கை தூக்கச் சொன்னார்கள். உயிரைக் கொடுப்பதற்குக் கைகள் எழுந்தன, வாசல் வரைக்கும் எழுந்தன, குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினார்கள். வளையம் சிதறுகிற சத்தத்தையும், அதற்கு நடுவில் அந்தக் குரல் கடைசியாக ஒலிப்பதையும் உமையொருபாகம் மனசுக்குள் கேட்டுப் பார்த்தார். உடம்பு சிலிர்த்தது. அவர் கையும் மேலே இருந்தது.

அப்போது மன்றக் கொட்டகைக்கு வெளியே தகரத்தில் பூட்ஸ் கால் நடந்து விலகுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போனபோது பேச்சியம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. தளபதி கோபமில்லாமல்தான் பேசினாள்.

“தலைவரே, என் குரலக் கேக்க ஆள் இருக்கறதாலதான் நான் இருக்கேன். அந்தச் சாவையும் யாராவது கேட்டாத்தான் அது எனக்குச் சாவு. ஞாயித்துக்கிழமை அந்தக் கொஞ்ச நேரம் ஊர்ல ஒருத்தரும் கேக்காம இருந்துட்டா, அது காத்துல போயிரும். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“அவ்வளவுதானா?” என்றார் உமையொருபாகம். அவருக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. “தாயி, எங்களுக்கு நீங்க முக்கியமா, நாடகம் முக்கியமா?”

பேச்சியம்மாள்தான், “அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

மறுநாளிலிருந்து பேச்சியம்மாள் வீடு வீடாகப் போனாள். மன்றத்தில் இல்லாதவர்கள் ஒரு நொடியில் சரி என்றார்கள். குழாயடிப் பெண்கள் வானொலிப் பெட்டியின் பேட்டரியையே கழற்றிக் கொடுத்தார்கள். கண்டக்டர் அன்றைக்குப் பஸ்ஸில் பாட்டே கிடையாது என்றார். கண் தெரியாத பெரியவர், தான் அந்த நேரம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி, யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிப்போகச் சொன்னார். மன்றத்தார் வீடுகளில்தான் உபசாரம் பலமாக இருந்தது. உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள், சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கோலப்பன் தன் காதையே தொட்டு, “அக்கா, தளபதிக்காக உயிரையே குடுப்பேன், ஒரு அரை மணி நேரம் கேக்காம இருக்கமாட்டேனா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் செவல்குறிச்சி அப்படி அடங்கிக் கிடந்தது. கதவுகள் சாத்தியிருந்தன, சன்னல்கள் சாத்தியிருந்தன, தாளிக்கிற சத்தம்கூடத் தெருவுக்கு வரவில்லை. உமையொருபாகம் வீட்டில் இருக்க முடியாமல், கல்யாண வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லிவிட்டு மைக் செட் வைத்திருக்கும் கொட்டடிக்குப் போனார். கேட்பதில்லை என்ற உறுதியோடுதான் போனார். பெட்டிகளைத் துடைத்தார், ஒயர்களைச் சுற்றினார். நாடகம் ஆரம்பித்திருக்கும். இசை போயிருக்கும். இந்நேரம் கப்பல் வளையத்துக்குள் நுழைந்திருக்கும். ஊரே கேட்காமல் இருக்கும்போது ஒரே ஒரு ஆள், அதுவும் மன்றத் தலைவர், அதுவும் முழுசாக இல்லை, கடைசி ஒரு நிமிடம் மட்டும், அதுவும் வெளியே கேட்காமல், காதுக்குள் மட்டும் கேட்டால் அது கேட்டதாகுமா என்று அவர் தன்னிடமே நியாயம் கேட்டார். நியாயம் அவர் பக்கம்தான் விழுந்தது. ஹெட்போனை வானொலியில் செருகிக் காதில் மாட்டினார்.

பிரமாதமாக இருந்தது. வளையம் சிதறியது, கப்பல் அலறியது, நட்சத்திரங்கள் உதிர்கிற சத்தத்தை ஞானதிரவியம் எதை வைத்துச் செய்தாரோ, உமையொருபாகத்தின் கை மயிர் குத்திட்டு நின்றது. இரும்புக் கதவு பிளந்தது. ஒரு மௌனம். அண்டம் சிறிது, தோழர்களே என்று வரப்போகிற இடத்தில், காதோடு காதாக, கொஞ்சம் அவசரத்தோடு, அந்தக் குரல் சொன்னது:

“பால் பொங்குது.”

அதற்குப் பிறகு வெடித்தது. அதற்குப் பிறகு நகைக்கடை விளம்பரம் வந்தது.

அதே நேரம் வீட்டில் பேச்சியம்மாள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து தளபதி “பேச்சி” என்று கூப்பிட்டாள். “என்ன தாயி?” என்று கேட்டுவிட்டு பேச்சியம்மாள் காத்திருந்தாள். அடுத்த சொல் வரவில்லை. தகரத்தில் கால் நகர்கிற சத்தமும் இல்லை. இன்னொரு முறை, “என்ன தாயி?” என்றாள். சேலையின் ஒரு முனையைப் பிடித்தபடி அவள் காத்திருக்கையிலேயே அடுப்படியில் பால் பொங்கி வழிந்து, அடுப்பை அணைத்து, தரையில் ஓடியது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மன்றத்தார் ஒருவர் விடாமல் இருந்தார்கள். நாடகத்தைக் கேட்டாயா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வெடிச் சத்தம் எப்படி என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஆள் கேட்பதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. இப்படி ஒரு சாவைக் கேட்டதில்லை என்றார்கள். கடைசி வசனத்தில்தான் குழப்பம் வந்தது. பழைய பதிவு எதிலும் அப்படி ஒரு வரி இல்லை. ஞானதிரவியத்திடம் கேட்டதற்கு, தான் வேறு வரியைத்தான் ஒட்டியதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். தளபதியின் வாயில் பாலும் மோருமா என்று சிலர் கண்டனம் எழுதப் போனார்கள்.

கோலப்பன்தான் கண்ணை மூடி யோசித்துத் திறந்தார். “பால்னா என்ன? பால்வெளி. இந்த அண்டமே பால்வெளி. தளபதி உயிர் பிரியுற நேரத்துல அண்டமே பொங்கி வழியுறதக் கண்ணால பாத்துட்டாங்க. அதத்தான் சொல்லிருக்காங்க. இதுக்கு மேல ஒரு வசனம் எவனாலயும் எழுத முடியாது.”

அந்த வாரமே ‘பால் பொங்குது’ என்று சட்டை அடித்தார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் உமையொருபாகம் தன்னிடமிருந்த அத்தனை ஸ்பீக்கரையும் கட்டி, மைக்கைப் பிடித்து, “பால் பொங்குது” என்று குரல் நடுங்கச் சொன்னபோது, கேட்டவர்கள் எழுந்து நின்று அழுதார்கள். அந்த வாரம் முழுக்கப் பேச்சியம்மாள் ஊரில் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்த பிறகு அவள் சாயங்காலமானால் அதையே கேட்டாள். “ஏங்க, பேச்சின்னு கூப்பிட்டா. அப்புறம் ஒண்ணும் சொல்லல. என்ன சொல்ல வந்திருப்பா?”

“எனக்கெப்படித் தெரியும்?” என்பார் உமையொருபாகம்.

“யாரோ ஒருத்தர் கேட்டுட்டாங்க போல. எவன் அந்தப் பாவின்னு தெரியல.”

“தெரியல” என்று சொல்லி எழுந்து போவார். ஒரு நாள் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்து போனார்.

ஒரு நாள் சந்தைக்குக் கிளம்பியவள் முக்குரோட்டில் பெரிய தட்டி ஒன்றைப் பார்த்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவில், தலைக்கவசம் வைத்துப் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள். கீழே பெரிய எழுத்தில் ‘பால் பொங்குது’ என்றும், அதற்குக் கீழே ‘தளபதி யாழரசியின் இறுதி வாக்கு’ என்றும் இருந்தது. அதற்கும் கீழே கைகூப்பியபடி அவள் வீட்டுக்காரர் இருந்தார். பேச்சியம்மாள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். தட்டிக்குப் பக்கத்தில் நின்ற கோலப்பனைக் கூப்பிட்டாள்.

“இத அவ எப்பச் சொன்னா?”

கோலப்பன் பால்வெளியில் ஆரம்பித்தார். பேச்சியம்மாள் பொறுமையாக நின்று, அவர் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டாள். பிறகு, “சத்தியம் பண்ணியே, நீ கேட்டியா?” என்றாள்.

“ரசிகன் கேக்காம இருக்க முடியுமாக்கா?” என்றார் கோலப்பன், கொஞ்சம் பெருமையாகவே. “நாங்கூட பரவாயில்ல. எனக்கு மொதல்ல போன் பண்ணி அழுதது அண்ணாச்சிதான். கடைசி வசனம் கேட்டியாப்பான்னு கேட்டாரு.”

பேச்சியம்மாள் சந்தைக்குப் போகவில்லை. பால் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உமையொருபாகம் கூடத்தில் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் பாலைச் சட்டியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

“ஏங்க, இங்க வந்து அடுப்புக்கிட்ட உக்காருங்க. எனக்குத் துணி மடிக்கணும். பொங்கி வந்தாக் கூப்பிட்டுச் சொல்லுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவள் கூடத்துக்குப் போய், கொடியிலிருந்து துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்படியில் ஒரு ஈ சுற்றியது. பால் ஓரத்தில் நுரைத்தது, நடுவில் ஏடு கட்டியது, ஏடு மெல்ல மேலெழும்பிச் சட்டியின் விளிம்புக்கு வந்தது. உமையொருபாகம் வாயைத் திறந்தார். ஸ்பீக்கர் வைத்து ஊருக்கே சொன்ன சொல், மேடையில் குரல் நடுங்கச் சொல்லிக் கைதட்டு வாங்கிய சொல், அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் போக வேண்டிய இரண்டே சொல், தொண்டைக்குள் அங்கேயே நின்றது. “பேச்சி” என்று மட்டும் வந்தது. அதற்கு மேல் உதடு அசைந்தும் சத்தம் இல்லை. பால் அவர் கண்முன்னாலேயே விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பை அணைத்து, அடுப்பு மேடையிலிருந்து சொட்டி, அவர் காலடிக்கு வந்தது.

“என்னங்க?” என்று கூடத்திலிருந்து கேட்டுவிட்டு, பேச்சியம்மாள் காத்திருந்தாள்.